நாய்ப் படத்துல நாய் எங்கடா?

வாடா பேராண்டி, உக்காரு. நாய்ப் படத்துக்கெல்லாம் மார்க்கு போடுறியாமே? அஞ்சுக்கு ரெண்டே முக்கால் நட்சத்திரமா? அந்த முக்கால எந்தக் கடையில நிறுத்துக் குடுத்தான்?

சரி, ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ விசயத்துக்கு வருவோம். 2006ல ‘தலைநகரம்’ படத்துல வடிவேலு போட்ட வேசந்தான் நாய் சேகர். அந்தப் பேர வச்சு 2022 ஜனவரியில சதீஷ் ஒரு படத்த இறக்கிட்டாரு. வேசம் கட்டுனவருக்கே பேரு மிஞ்சல. டிசம்பர்ல வந்த வடிவேலு படத்துக்கு ‘ரிட்டர்ன்ஸ்’னு ஒரு வால ஒட்டுனாங்க. போகாதவன் எப்பிடிடா திரும்பி வருவான்?

நல்லதையும் சொல்லணுமில்ல? ராசியான வீட்டு நாயி திருடு போவுது, நாய் சேகர் அதத் தேடிப் போறான். நல்ல கதைதான். வடிவேலு பாடுன ‘அப்பத்தா’ பாட்டும் ஷோக்கு. அப்பறம் என்னா ஆச்சு? வடிவேலக் கண்டா நாயக் காணோம், நாயக் கண்டா சிரிப்பக் காணோம். கதையில ஒருக்கா திருடு போன நாயி, டைரக்டர் சூரஜ் கையில இன்னொருக்கா தொலைஞ்சு போச்சு.

வெள்ளக்காரன் மட்டும் என்னா பெரிய புத்திசாலியா? 1992ல ‘பீத்தோவன்’னு ஒரு நாய்ப் படம் ஓடுச்சு. மறுவருசமே ரெண்டாம் பாகம். மொத படத்துல நாயே வேணாம்னு குதிச்ச அப்பங்காரன், ரெண்டாவதுலயும் அதே குதி குதிக்கிறான். வில்லன் போயி வில்லி வந்தா, அவ்வளவுதான். ஆனா பீத்தோவனுக்கு ஒரு சோடி, நாலு குட்டி. புள்ளைங்க அதுங்கள அப்பனுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுப் பால் குடுக்குதுங்க. பழைய கதைதான், ஆனா நாயி நடு வீட்டுல நிக்குது. அது போதாதா?

புக்கிட் ரோத்தான் பக்கம் லயத்துல நாங்களும் நாய் வளத்தோம். அதுக்கு யாரும் கேக்கு வெட்டல. விடியாத இருட்டுல மரம் வெட்டப் போனா முன்னால ஓடும். பாம்பு கெடந்தா நின்னு குலைக்கும். கிராணியப் பாத்தாலும் குலைக்கும், அது வேற கணக்கு. அதுக்குன்னு ஒரு வேல இருந்துச்சுடா.

நாய்க்கு வேலையில்ல, நிக்க நேரமில்லன்னு சொல்லுவாங்க. ஒங்க படத்துல நாய்க்கு நிக்க எடமே இல்ல!

ரெண்டாம் பாகம்னு சொல்லி எவனாச்சும் டிக்கெட்ட நீட்டுனா ஒண்ணு கேளு: நாயத் தூக்கிட்டா கதை நடக்குமா? நடக்கும்னா, வெள்ளிய மடியில முடிஞ்சுக்க. அந்தக் காசுக்குப் பசார்ல கோழிக்கால் வாங்கி வாசல்ல கெடக்குற நாய்க்குப் போடு. அந்த நாயாவது ராத்திரி திருடனப் பாத்துக் குலைக்கும்.