ராசிப் பொருத்தம் மட்டும் பார்ப்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஜெடெக் நினைவகக் குழுவினருக்கு,

1958 முதல் இயங்கிவரும், ராமுக்குத் தரம் வகுக்கும் தங்கள் அமைப்பு, ராமின் கீழ்விளிம்பில் ஒரு சிறு வெட்டை வைத்து உலகைக் காத்துவருகிறது. டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ராம் தலைமுறைகள் இரண்டுக்கும் மேசைக் கம்ப்யூட்டரில் 240 பின்தான். வெட்டு சற்றுத் தள்ளியிருப்பதால் ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் நுழைக்க முடியாது. நன்றி. ஆனால் டிடிஆர்2 கேட்டவருக்கு டிடிஆர்3 எடுத்துத் தரும் கடைக்காரர் அபூர்வம். பழைய கம்ப்யூட்டருக்கு ராம் கூட்டும்போது தகராறு முளைப்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள்தான்; அங்கே தங்கள் வெட்டு கண்ணை மூடிக்கொள்கிறது. ராசி பொருந்துகிறது என்று தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதி ஒன்பது பொருத்தத்தையும் மணமக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற தரகர் வேலை இது.

இன்டெல் ஜி41 சிப்செட் போர்டையே எடுத்துக்கொள்வோம். அதன் டிடிஆர்3 ஸ்லாட்டுக்கு 2 ஜிகாபிட் சிப் வரைதான் செரிக்கும். 4 ஜிபி ராமோ, 2 ஜிகாபிட் சிப் 16 வைத்தும் வருகிறது, 4 ஜிகாபிட் சிப் 8 வைத்தும் வருகிறது. வெட்டு ஒன்றே. முதலாவது ஓடும், இரண்டாவதை மாட்டினால் திரை இருண்டு கிடக்கும். அடுத்து நடப்பது நாடறிந்த சடங்கு: ராமைக் கழற்றி, பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டுவது. கறையை ரப்பர் அழிக்கும். சிப்பின் கொள்ளளவை அது என்ன செய்யும்? சர்வரிலிருந்து கழற்றி மலிவாக வரும் ரெஜிஸ்டர்டு டிடிஆர்3 ராமும் அப்படியே. சாதாரண போர்டில் அழகாகப் போய் உட்காரும், வேலை மட்டும் செய்யாது. 1.35 வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்பும் 1.5 வோல்ட் கேட்கும் ராமைத் தடையின்றி உள்ளே வாங்கிக்கொள்கிறது.

எல்லாம் லேபிளில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ‘2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு’ என்று. 8 பிட் அகலச் சிப்புகள் இரண்டு வரிசை. வரிசைக்கு 64 பிட் என்பதால் எட்டெட்டாகப் பதினாறு சிப். 4 ஜிபியைப் பதினாறால் வகுத்தால் சிப்புக்கு 2 ஜிகாபிட். கணக்கு சரிதான். கடை வாசலில் நின்று போட வேண்டிய கணக்கா அது? கடைசி எழுத்து யு-வா (சாதாரண ராம்) ஆர்-ஆ (ரெஜிஸ்டர்டு) என்பதில்தான் வாங்குபவர் தலையெழுத்தே இருக்கிறது. ராமிலுள்ள எஸ்பிடி என்ற குட்டிச் சிப் தன் ஜாதகம் முழுவதையும் பயாஸிடம் ஒப்பிக்கிறதே என்றும் சொல்லலாம். ஒப்பிக்கிறது, கேட்ட பயாஸ் ‘பீப்’ என்கிறது. எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பதற்குக் கம்பெனிக்கு ஓர் அகராதி. (அது தங்கள் இலாகா இல்லை, ஒப்புக்கொள்கிறோம்.)

வலுவான மறுப்பு வேறொன்று: வெட்டு வந்தது வோல்டேஜ் மாறி எதுவும் எரிந்துவிடாமல் காக்க, பொருத்தம் பார்க்க அல்ல. அப்படியானால் பழைய 168 பின் ராமில் இரண்டு வெட்டு வைத்து, ஒன்றை வோல்டேஜுக்கும் மற்றதை பஃபர் வகைக்கும் ஒதுக்கியது யார்? 2020-இல் வெளிவந்த டிடிஆர்5-இல் ரெஜிஸ்டர்டு ராமுக்கும் சாதாரண ராமுக்கும் வெட்டைத் தள்ளித் தள்ளி வைத்ததும் தாங்களே அல்லவா? அங்கே ஒன்றுக்கு 12 வோல்ட், மற்றதற்கு 5 வோல்ட். எரியும் பயம் வந்ததும் விளிம்பில் இடமும் கிடைத்துவிட்டது. எரியுமென்றால் தடுப்பீர்கள்; ஓடாமல் கிடந்தால் அது வாங்கியவர் பாடு.

2008-இல் வந்த ஜி41-க்குப் பிற்காலத்துச் சிப் எப்படித் தெரியும் என்றால், நியாயம். வெட்டு ஆரூடம் சொல்லாது. எழுதத் தடையில்லையே! ‘ஒரு சிப் 4 ஜிகாபிட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லித் தரத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம். லேபிளில் இடம் போதாதென்றால், ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரன்டி கிடையாது என்கிற வரிக்கு மேலே போடலாம். அதை மட்டும் எல்லாரும் தவறாமல் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
16 சிப் ராம் தேடுவோர் சார்பில்