நேற்று வந்தவன்தான்

முப்பத்திரண்டு வருஷம் சார்நிலைக் கருவூலத்தில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட கேள்வி கேட்டிருக்கிறேன். அதிகம் கேட்டது, "நீங்கதானா நீங்க?" என்பதைத்தான். அப்போதெல்லாம் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஓய்வூதியர் நேர்காணல் ஆரம்பம். ஜூன் முடியும்வரை வராந்தா பெஞ்சில் வேட்டியும் மஞ்சள் பையுமாக வரிசை கட்டியிருப்பார்கள். புத்தகத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பேன், எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பேன். படம் ஐம்பத்தெட்டு வயதில் எடுத்தது. ஆளுக்கு எண்பது தாண்டியிருக்கும். படத்தில் உள்ள மீசை முகத்தில் இருக்காது. மூக்கை வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வருவேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் நான் வாயைத் திறப்பதற்குள், "போன வருஷம் வந்தவன்தான் தம்பி, கொஞ்சம் தேஞ்சிருக்கேன்" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த வினையெல்லாம் அமெரிக்காவில், ஆர்லாண்டோவில், வட்டியோடு வந்து என்னைப் பிடித்தது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அக்டோபர் முதல் வாரம் பள்ளிக்கூடம் நடக்கும், கூட்டம் இருக்காது என்று மாப்பிள்ளை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு நான்கு நாள் டிக்கெட்டும் அதன் விடுதியிலேயே இரண்டு அறையும் போட்டுவிட்டார். பூங்காவின் பெயர் வேண்டாம். ஆர்லாண்டோவில் தடுக்கி விழுந்தால் ஒரு பூங்கா. வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை எல்லோருக்கும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பட்டை கொடுத்தார். டிக்கெட், அறைச் சாவி, பணப்பை மூன்றும் அதுதானாம். எனக்குப் பச்சை, என் மனைவிக்கு ஊதா.

"என் சுடிதார் பச்சைங்க. அதை இங்க குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். ஒரு ரப்பர் பட்டைக்காக யார் வாதாடுவார்?

வாசலில் பட்டையை ஒரு வட்டத்தில் தொட்டு, பக்கத்திலிருந்த கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஒரே தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் ரேஷன் கடையில் என் விரல் ஒரே தடவையில் விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. அமெரிக்கா அமெரிக்காதான் என்று அன்று முழுக்க அந்த நாட்டின் மேல் ஒரு மரியாதை இருந்தது.

வெள்ளிக்கிழமை என் மனைவி ஊதா சுடிதார் போட்டாள். ஊதாப் பட்டை அவளிடம் போயிற்று, பச்சை என்னிடம் வந்தது. வாசலில் விரலை வைத்தேன். விளக்கு எரியவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். எரியவில்லை. அழுத்தி வைத்தேன். வாசலில் நின்ற ஊழியப் பெண் சிரித்த முகம் மாறாமல், "இன்னொரு முறை" என்றாள். பக்கத்து வரிசையில் என் மனைவிக்கும் அதே கதை.

எனக்கு இது புதிதில்லை. ரேஷன் கடையில் இயந்திரம் விரலை ஏற்காவிட்டால் விற்பனையாளர் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: "தலையில ஒரு தேய் தேய்ச்சிட்டு வைங்க சார்." எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் ரேகை பிடிக்கும். கை தன்னால் தலைக்குப் போனது. போன பிறகுதான், அங்கே பதினைந்து வருஷமாகச் சரக்கு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"இங்க தேய்ங்க" என்று என் மனைவி கயிற்றைத் தாண்டித் தலையை நீட்டினாள். காலையில்தான் தேங்காய் எண்ணெய் தடவி வாரியிருந்தாள். நான் அவள் வகிட்டில் விரலைத் தேய்த்துக் கண்ணாடியில் வைத்தேன். பின்னால் நின்ற அமெரிக்கத் தம்பதி, ஏதோ சடங்கு நடக்கிறது என்று இரண்டடி தள்ளி மரியாதையாக நின்றார்கள். விளக்கு எரியவில்லை. கண்ணாடியை அந்தப் பெண் ஒரு துணியால் துடைத்தாள்.

கையில் டேப்லெட்டோடு ஒரு மேற்பார்வையாளர் வந்தார். படம் போட்ட அடையாள அட்டை கேட்டார். பாஸ்போர்ட் அறையில். சட்டைப்பையில் இருந்தது, ஓய்வுபெற்ற அலுவலர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. முழுக்கத் தமிழ். அதிலும் படம் ஐம்பத்தெட்டு வயதில் எடுத்தது. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "மாமா, நேத்து பச்சை யார் கையில இருந்துச்சு?"

பட்டையை மாற்றினோம். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. வியாழக்கிழமை முதல் அந்தப் பூங்காவின் கணக்கில் நான் என் மனைவி, என் மனைவி நான். சரிசெய்ய வேண்டுமானால் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். "இன்னும் ரெண்டே நாள்தானே, இப்படியே ஓட்டிடலாம்" என்றார் மாப்பிள்ளை. ஊதா சுடிதாருக்குப் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு அலைய நேர்ந்ததை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அப்போ என் ரேகை இவங்ககிட்ட இருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அரசாங்கம் தவிர வேறு யாருக்கும் ரேகை வைக்காத குடும்பம் எங்களுடையது.

"படத்தை வச்சுக்கிறதில்லைன்னுதான் சொல்றாங்க மாமா. விரலை ஒரு நம்பரா மாத்தி அதை மட்டும் வச்சுக்குவாங்களாம். நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியவே வேண்டாம். நேத்து வந்தவர்தான் இன்னைக்கும் வந்திருக்காரான்னு தெரிஞ்சா போதும்."

போதுமாம். முப்பத்திரண்டு வருஷம் நானும் அதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்த்தேன்.

இத்தனை பாடும் எதற்கென்றால், டிக்கெட் விலைக்காக. ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாளைக்கு என்று வாங்கினால் நூறு டாலருக்கு மேல். பத்து நாளுக்குச் சேர்த்து வாங்கினால் நாளுக்கு விழுவது ஏறக்குறைய பாதிதான். விஷயம் தெரிந்தவன் என்ன செய்வான்? நீளமான டிக்கெட்டாக வாங்கி, நாலு நாள் சுற்றிவிட்டு, மீதியை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேருவான். ஆர்லாண்டோவை அடுத்த கிஸ்ஸிமீ பக்கம் 192-ஆம் எண் நெடுஞ்சாலையில் மலிவு டிக்கெட் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே ஒரு காலத்தில் இந்த அரைகுறை டிக்கெட்டுகளும் கைமாறின. பாதி பயன்படுத்திய டிக்கெட்டை விற்பது குற்றம் என்று ஃபுளோரிடாவில் தனிச் சட்டமே இருக்கிறது. நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்கு பிளாக்கில் டிக்கெட் விற்றவர்களுக்கு இப்படிச் சட்டமன்ற கௌரவம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆரம்பத்திலேயே அடி வாங்கியவர்கள் டிஸ்னிக்காரர்கள். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது, அழைப்பு உள்ளவர்களோடு கள்ள டிக்கெட்டுக்காரர்களும் ஆயிரக்கணக்கில் நுழைந்தார்கள். ஒருவர் வேலியில் ஏணியைச் சாத்தி, தலைக்கு 5 டாலர் வாங்கி ஏற்றிவிட்டார் என்ற கதையும் டிஸ்னிலாண்ட் வரலாற்றைச் சொல்கிறவர்கள் விடாமல் சொல்வது. எனக்கு அந்த ஏணிக்காரர் மேல்தான் அபிமானம். விரலும் கேட்கவில்லை, மூக்கையும் பார்க்கவில்லை.

அப்புறம் வெகுகாலம், வெளியே போய்விட்டு அன்றே திரும்பி வருகிறவர்கள் கையில் ஒரு முத்திரை குத்தினார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத மை. புற ஊதா விளக்கில் காட்டினால் மினுங்கும். நாமும் விரலில் மை வைக்கிறவர்கள்தான். மைசூரில் தயாராகும் நம் தேர்தல் மை, வந்தவன் திரும்ப வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்களுடையது, வந்தவன் திரும்ப வரட்டும் என்பதற்காக. 1990களில் டிஸ்னி வேர்ல்டில் ஆண்டுச் சீட்டுக்காரர்களின் இரண்டு விரல்களை நீட்டச் சொல்லி, தட்டான் மோதிரத்துக்கு அளவெடுக்கிற மாதிரி வடிவத்தை அளந்தார்கள். அதுவே பிறகு ஒற்றை விரல் நுனிக்கு வந்தது. இப்போது சில பூங்காக்கள் விரலையும் விட்டுவிட்டு முகத்தையே கேட்கின்றன.

விரல் பிடித்துக் கொடுப்பது ஆளை. பட்டை பிடித்துக் கொடுப்பது அந்த ஆளின் நடமாட்டத்தை. டிஸ்னி 2013-ல் 'மேஜிக்பேண்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் அதைச் சேர்ந்த ஏற்பாடுகளுமாகச் சுமார் 100 கோடி டாலர் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குள்ளே தொட்டால் பேசும் சில்லு ஒன்று, தொடாமலே பல அடி தூரத்துக்குக் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ரேடியோ ஒன்று. மாட்டுக்கு மணி கட்டுவது போல. நீங்கள் ரோலர் கோஸ்டரில் அலறும்போது எடுத்த படம் தானாக வந்து உங்கள் கணக்கில் உட்காருவது இந்த மணியால்தான். குழந்தைகளின் விவரத்தை எல்லாம் எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டு, அப்போது பிரதிநிதிகள் சபையில் இருந்த எட்வர்ட் மார்க்கி டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்குக் கடிதம் எழுதினார். ஐகர் சூடாகவே பதில் போட்டார்.

இல்லினாய் மாநிலத்தில் விவகாரம் கோர்ட்டுக்கே போய்விட்டது. சிக்காகோவுக்கு வடக்கே சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவுக்கு 2014-ல் பள்ளிச் சுற்றுலா போன பதினாலு வயதுப் பையனிடம் சீசன் டிக்கெட்டுக்காகப் பெருவிரலைப் பதிவுசெய்துகொண்டார்கள். அம்மாவைக் கேட்கவில்லை. அந்த மாநிலத்தில் எழுத்துமூலம் சம்மதம் வாங்காமல் ரேகை எடுக்கக் கூடாது என்று 2008 முதலே சட்டம் உண்டு. நஷ்டம் ஏற்பட்டதாகக் காட்ட வேண்டியதில்லை, உரிமை மீறப்பட்டதே வழக்குக்குப் போதும் என்று 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு சமரசம். இதைப் படித்த அன்று இரவு, என் சர்வீஸில் மைப்பெட்டியில் அழுத்தி எடுத்த பெருவிரல்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

இவ்வளவு கெடுபிடிக்கு நடுவிலும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் 2012 ஜனவரி 1-ல் தொடங்கி, கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் கதவைச் சாத்தும்வரை, ஒரு நாள் விடாமல் 2,995 நாள் டிஸ்னிலாண்டுக்குப் போயிருக்கிறார். கின்னஸிலும் ஏறிவிட்டார். வேலையில்லாத நாளில் ஆரம்பித்து, வேலை கிடைத்த பிறகும் விடவில்லையாம். என் ஆபீசில் இப்படி ஒருவர் வந்திருந்தால் அவரைத் தாசில்தாராக்கி இருப்போம்.

எனக்கும் ஒரு கௌரவம் கிடைத்தது. சனிக்கிழமை ஒரு ராட்டின வரிசையின் வாலில் நின்றபோது, ஊழியர் ஒருவர் என் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்தார். முக்கியஸ்தர் பாஸ் என்று நினைத்து, பேத்திகூடத் தொடாதபடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ஐம்பது நிமிஷம் கழித்து முன்னால் போனபோது வாங்கி ஒரு கருவியில் காட்டிவிட்டு, "நன்றி" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க, கூட்டத்தில் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவார்களாம். வாழ்நாள் முழுக்கக் கோப்பை நகர்த்தியவன், முதல்முறையாகக் கோப்பாக நகர்ந்தேன்.

அந்த அவமானத்தில்தான் நான் வழி தவறினேன் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூடக் கிடையாது. அன்று மூன்றாம் சனிக்கிழமை வேறு; என் மனைவி காலையில் அறையிலேயே பெருமாளுக்கு மாவிளக்குக்குப் பதில் பிஸ்கட் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். எல்லோரும் பேத்தியை பொம்மைக் குதிரையில் ஏற்றப் போனார்கள். எனக்கு மூட்டு வலி, உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து புகைவாசம். ஒவ்வொருவர் கையிலும் கதாயுதம் போல ஒரு வான்கோழிக் கால். அமெரிக்காவில் புரட்டாசி உண்டா என்று சாஸ்திரம் தெளிவாகச் சொல்லவில்லை. பட்டையைத் தொட்டேன். நான்கு இலக்க எண் கேட்டது. பேத்தி பிறந்த வருஷம், மாப்பிள்ளை எல்லோருக்கும் அதையே வைத்திருந்தார். போட்டேன். காகித ரசீதுகூட வரவில்லை. தடயமே இல்லாத ஊர் என்று நிம்மதியாகக் கடித்தேன். குழாயில் வாய் கொப்பளித்து, வெற்றிலைக்குப் பதில் பெப்பர்மிண்ட் போட்டுக்கொண்டு பெஞ்சில் பழையபடி மூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை அறையைக் காலி செய்யும்போது, மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து போனில் கணக்கைச் சரிபார்த்தார். முதலில் படங்கள். ரோலர் கோஸ்டரில் கண்ணை மூடி அலறும் என் முகம், என் மனைவியின் பெயரில். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

அடுத்து பில். யார் பெயரில் என்ன, எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் என்று வரிவரியாக வாசித்துக்கொண்டு வந்தார். பேத்தியின் பலூன். மகளின் காபி. "அத்தை, உங்க பேர்ல சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு…" என்றவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "வான்கோழிக் கால் ஒண்ணுன்னு இருக்கு. வேற யாரோ கணக்கு மாறி விழுந்திருக்கும்னு நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கட்டுமா?"

என் மனைவி பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்த ஊதா சுடிதாரை அப்படியே கீழே வைத்தாள்.

"கேக்க வேண்டாம் மாப்பிள்ளை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, சனிக்கிழமை ஊதா யார் கையில இருந்துச்சு?"