எழுத்தெண்ணிப் படிப்பவர்

ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்ற வித்துவானை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்று புகழ்வது நம்மவர் வழக்கம். அந்தப் புகழ்ச்சிக்கு அட்சரம் பிசகாமல் பாத்திரமான ஒருவர், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் என் தலைக்கு நேர் மேலே உள்ள வீட்டில், முப்பது வயதும் மென்பொருள் உத்தியோகமும் கையை விட்டு இறங்காத கைப்பேசியுமாகக் குடியிருக்கிறார் என்பதை நான் தெரிந்துகொள்ள ஓராண்டு பிடித்தது. காலையில் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவரிடம் சௌக்கியமா என்று விசாரித்தால், சௌக்கியம் என்பார்கள். பொய் சொல்ல மனமில்லாதவர்கள் முழங்கால் வலி என்பார்கள். இவர், “1,412, சார்” என்றார்.

அது என்ன கணக்கு என்று கேட்டது என் பிழை. அன்று பால் பொங்கி வழிந்ததற்கும் அதுவே காரணம்.

அது அவர் கற்ற ஜப்பானிய எழுத்துகளின் கணக்கு. ஜப்பானியருக்கு எழுத்து மூன்று வகை. ஹிராகானா, கதகானா என்ற இரண்டும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, கி, கு, கெ, கொ என்று அந்த வரிசை நடைபோடுவதைக் காணும் தமிழனுக்கு, தூரதேசத்தில் ஊர்க்காரரைச் சந்தித்த சந்தோஷம் உண்டாகும். பௌத்த பிக்ஷுக்கள் சித்தம் என்னும் இந்திய லிபியைப் பயின்றதன் வழியாக அங்கே வேரூன்றிய முறை அல்லவா அது! 247 எழுத்துகளைத் திண்ணையில் உட்கார்ந்தே முடித்த பரம்பரைக்கு இது ஒரு பொருட்டல்ல. நம் மாடிவீட்டுத் தம்பி இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார். மூன்றாவது வகைதான் கான்ஜி. சீனத்திலிருந்து வந்த அந்த எழுத்துக்கு உருவம் ஒன்று, பொருள் சில, வாசிக்கும் விதம் பல. சீன ஒலியைத் தழுவிய வாசிப்பு ஒன்று, ஜப்பானியரின் சொந்த வாசிப்பு வேறொன்று என்று பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது இருக்கும். உயிர், பிறப்பு, வேகாத பச்சைப் பண்டம் ஆகிய அனைத்துக்கும் பொதுவாக நிற்கும் ஓர் எழுத்துக்கோ பத்துக்குக் குறையாது. கான்ஜியைக் கஞ்சியாக்கிச் சிலேடை பண்ணுகிற ரசிகர்களும் உண்டு. அந்தச் சிலேடையை இதுவரை 63 தடவை கேட்டிருப்பதாகத் தம்பியிடம் குறிப்பு இருக்கிறது, 64-ஆவது என்னுடையது.

இவற்றுக்கு ஓர் எல்லை உண்டா என்றால், பேரகராதிக்காரர்கள் ஐம்பதாயிரத்தைத் தொடுகிறார்கள். ஜப்பானிய அரசாங்கம் தன் ஜனங்களிடம் தாட்சண்யம் கொண்டு, அன்றாட வழக்குக்கு இவ்வளவு போதும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. 1946-இல் 1,850 என்றிருந்த அது 1981-இல் 1,945 ஆயிற்று. 2010-இல் 5 எழுத்துகளைத் தள்ளி, 196 எழுத்துகளைச் சேர்த்து, 2,136 ஆக்கினார்கள். இந்தச் சரித்திரத்தைத் தம்பி சொல்லும்போது, விளைச்சல் களத்துக்கு வருமுன் கிஸ்தியை உயர்த்திவிட்ட சர்க்காரைப் பற்றி மிராசுதார் பேசும் தொனி அவர் குரலில் வந்துவிடும். தாம் 2,136-ஐ எட்டும் தறுவாயில் மறுபடியும் கூட்டிவிடுவார்களோ என்பது அவருடைய நித்தியக் கவலை. 2010-இல் சேர்ந்தவற்றில் 29 கோடுகள் கொண்ட ‘மனச்சோர்வு’ என்ற எழுத்தும் ஒன்று: இரண்டு மரங்களுக்கிடையே ஒரு பானை, அதற்குக் கீழே ஒரு மூடி, அதற்கும் கீழே வேள்விக்குரிய நறுமண மது என்று, எழுதி முடிப்பதற்குள் பொருள் விளங்கிவிடுகிற எழுத்து. கணினி தானே எழுதித் தருகிற காலத்தில் எல்லாவற்றையும் எல்லோரும் கையால் எழுதத் தேவையில்லை என்ற தைரியத்தில் சேர்க்கப்பட்டது அது. தம்பி வீம்புக்கு அதைக் கையால் எழுதிப் பழகினார்.

இத்தனைக்கும் ஆதிகாரணம் அற்பமானது. அவருடைய அலுவலகத்துக்கு ஒரு ஜப்பானிய வாடிக்கையாளர் வாய்த்தார். எட்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. வாடிக்கையாளர் போய்விட்டார், வாடிக்கை போகவில்லை.

பாடம் இணையத்தில். வனிகானி என்ற அந்தப் பாடசாலையில் 60 படிகள். முதலில் எழுத்தின் உறுப்புகளையும், பிறகு எழுத்தையும், பிறகு அது பயின்று வரும் சொற்களையும் கற்பிக்கிறார்கள். மனிதன் மரத்தோரம் நின்றால் ஓய்வு; மரம் இரண்டானால் தோப்பு, மூன்றானால் காடு; கூரையின் கீழ் ஒரு பெண் இருந்தால் சாந்தி. அதே எழுத்தை ‘மலிவு’ என்பதற்கும் வழங்குகிறார்கள் என்ற செய்தியைத் தம்பி இன்னும் தம் தாயாரிடம் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பக்கத்தில் ‘பழையது’ என்று எழுதினால் மாமியார். இதை ஒரு தடவை கேட்டவர் மறப்பதில்லை, நானே மறக்கவில்லை. மனிதருக்கு ஆசிரமம் நான்கென்றால் அங்கே எழுத்துக்கு ஐந்து. அப்ரெண்டிஸ் என்ற பிரம்மசரியத்தில் புகுந்து, நான்கு மணி, எட்டு மணி, ஒரு நாள், இரண்டு நாள் என்று நீளும் இடைவெளிகளில் நடக்கும் சோதனைகளில் தேறி, குருவாகி, மாஸ்டராகி, ஞானோதயம் பெற்று, அதற்கு நான்கு மாதம் கழித்து வரும் கடைசிச் சோதனையிலும் நிலைத்தால், அந்த எழுத்து ‘எரிக்கப்பட்டது’ ஆகிவிடும். அப்புறம் அது திரும்பி வராது. சீடர் இவராக இருக்கக் குருப் பட்டம் எழுத்துக்குப் போவதையும், ஞானத்தை அடுத்துத் தகனம் என்னும் கிரமத்தையும் எண்ணி நான் வியந்ததுண்டு. நடுவில் ஒரு தடவை சறுக்கினால் ஞானிக்கும் புனர்ஜன்மம்தான்.

இந்த வித்தைக்கு மூலபுருஷர் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அர்த்தமில்லாத அசைகளைத் தாமே நெட்டுருப் போட்டு, தாமே மறந்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறந்தார் என்பதைத் தாமே அளந்து, 1885-இல் புத்தகமாக வெளியிட்ட மகானுபாவர். அவர் ஞானத்துக்காகக் கணக்கு வைத்தார். கணக்குக்காக ஞானத்தைத் தேடுவது நம்மவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

அந்தக் கணக்கைத் தம்பி ஒரு நாள் எனக்குக் காட்டினார். எக்செல் பேரேடு, 27 பத்திகள். எழுத்து, கற்ற தேதி, வகித்த பதவி, தவறிய தடவை, சரியான விடையின் விகிதம், முந்தின வாரத்தின் விகிதத்தோடு அதற்குள்ள வித்தியாசம், அந்த வித்தியாசத்தின் சராசரி. பக்கத்தில் பச்சை வர்ணக் கட்டங்கள் நாற்றங்கால் போலச் செழித்திருந்தன. கடைசிப் பத்தி, தவறுக்குக் காரணம்: ‘மின்வெட்டு’, ‘கொசு’, ‘அம்மா கூப்பிட்டாள்’. ஜூலை 9-ஆம் தேதிக்கு எதிரே ‘கீழ்வீட்டு சார், முழங்கால்’ என்றிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எடுத்த காரியத்தைச் சீக்கிரம் கைவிடுகிறவனை ஜப்பானியர் ‘மிக்கபோஸு’, அதாவது மூன்று நாள் துறவி, என்பார்கள். அந்த அபவாதம் வராமல் 417 நாள் ஓர் இடைவெளியின்றி நடத்திய அவருக்கு, சொந்தத் தங்கையின் விவாகம் சோதனையாக வந்தது. லாஜ ஹோமத்தில் மணப்பெண்ணின் கையில் பொரி இடவேண்டியவன் தமையன். முதல் நாள் பின்னிரவில் கற்ற பாடத்தின் எட்டு மணிச் சோதனை சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றதால், வலது கையால் பொரியை இட்டு, இடது கைக் கட்டைவிரலால் ஐந்து எழுத்துகளைத் தேறவைத்துவிட்டார். மந்திரத்துக்குத் தகுந்தாற்போல் வரன் உதட்டை அசைத்தார். இவரும் ஏதோ உதட்டை அசைத்தார். சாஸ்திரிகள் இருவரையும் ஆசீர்வதித்தார். எனினும் சம்பந்தி உபசாரத்தில் இரண்டு நாள் கழிந்து, மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது பாக்கி 612. கந்துவட்டிக்காரனாவது வாசலில் வந்து கத்துவான். இது ஒரு சிவப்பு இலக்கமாக மௌனமாக நிற்கிறது என்று சொல்லி, பந்தி முடிந்த கூடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று உறவினர்கள் தேற்றினார்கள்.

பரீட்சை எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார். 1984 முதல் நடந்துவரும் ஜப்பானிய மொழித் தேர்வில் இப்போதுள்ள ஐந்து நிலைகளில் நடுநிலையை எட்டிப்பிடித்தும்விட்டார். அந்தப் பரீட்சையில் வாய் திறந்து பேசவும் வேண்டாம், பேனாவால் வாக்கியம் எழுதவும் வேண்டாம். வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். அவருக்கென்றே வகுத்ததோ என்று தோன்றுகிறது.

சென்ற கத்திரி வெயிலில் அவருடைய அலுவலகத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். நிபுணர் என்ற பிரசித்தியால் தம்பியை அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். நடந்ததை அன்றிரவு அவரே மாடியிலிருந்து இறங்கி வந்து, மூச்சு வாங்கச் சொன்னார். விருந்தாளி ஜன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டி, ‘யூஉட்ஸு’ என்று முடியும்படி ஏதோ சொல்லியிருக்கிறார். காதால் கேட்ட சொல்லை இவருக்குப் புரிந்துகொண்டு வழக்கமில்லை. கைதுடைக்கும் காகிதத்தையும் பேனாவையும் நீட்டி எழுதிக் காட்டும்படி சைகை செய்ய, முதல் எழுத்தை எழுதிய அந்த மனிதர் இரண்டாவதில் தயங்கி, ஒரு மரத்தைப் போட்டு, தலையைச் சொறிந்து, சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுக்கப் போனார். தம்பி பேனாவை வாங்கினார். மரம், பானை, மரம், மூடி, மது. 29 கோடுகளும் முறை தவறாமல் விழுந்தன. விருந்தாளி எழுந்து நின்று தலை வணங்கினார்.

“ஜப்பான்காரருக்கே தெரியல சார்!” என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. பேரேட்டில் 28-ஆவதாக ஒரு பத்தி திறந்தாயிற்றாம்.

“பெரிய விஷயம், தம்பி. அப்புறம் அவர் என்ன சொன்னார்?”

“ஏதோ நீளமா சொன்னார் சார், ரொம்ப சந்தோஷமா. அதுக்குள்ள எட்டு மணி ரிவ்யூ வந்துடுச்சு.”