ஒத்திகைத் திருடர்

எங்கள் தாமானில் எல்லோரையும் கேமரா வாங்க வைத்த அண்ணன், தான் மட்டும் இன்னும் வாங்கவில்லை. “பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி” என்பார். எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சுங்கைப் பட்டாணியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் தூணின் உச்சிக்குத்தான் போகும். அது கல்யாண வீடா, கருமாதி வீடா என்பதெல்லாம் அப்புறம். பெடோங்கில் ஒரு பதினாறாம் நாள் காரியம். இலை போடுவதற்கு முன், இறந்தவரின் மகனைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். ஆறுதல் சொல்கிறார் என்று நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம். “தம்பி, இது மூணு மெகாபிக்சலா, நாலா?” என்று கேட்டிருக்கிறார்.

டாப்போ, ஈஸிவிஸ், ரியோலிங்க் என்று மூச்சு விடாமல் அடுக்குவார். ஐபி 65, 66, 67 மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காமலே விளக்குவார். முதல் எண் தூசுக்கு, அடுத்தது தண்ணீருக்கு. 5 என்றால் பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் முங்கிக் கிடந்தாலும் தாங்கும். 67-தான் வேண்டும் என்பது அவர் கட்சி. “கேமரா கூரைக்குக் கீழே இருக்கு. அது முங்குற அளவுக்குத் தண்ணி வந்தா, உள்ள திருட என்னண்ணே இருக்கும்?” என்று கேட்டேன். “அப்பத்தான் சம்பான்ல வருவான்” என்றார்.

பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சோதனையைத்தான் தாங்க முடியவில்லை.

யார் வீட்டில் புதிதாகக் கேமரா மாட்டினாலும் அன்று சாயங்காலமே வந்து நிற்பார். “நீ உள்ள போய் போனைப் பாரு. நான் திருடுறேன்.” இதுதான் அவர் சொல்லும் வாழ்த்து. பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். உடம்புச் சூடு நகர்வதை உணரும் ஒரு சின்னக் கண் எழுப்பிவிட்டால்தான் படம் பிடிக்கும். குறுக்கே நடப்பவனை அந்தக் கண் சட்டென்று பிடித்துவிடும்; நேராக அதை நோக்கி வருபவனைப் பிடிக்கத் தாமதமாகும். இதை எங்கோ படித்துவிட்டார். ஆகவே குறுக்காக ஒருமுறை திருடுவார், நேராக ஒருமுறை திருடுவார். கேமரா கண்விழித்து எழுவதற்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்று பார்க்க ஓடிவந்தும் ஒருமுறை திருடுவார். கோடி வீட்டில் அப்படி ஓடியபோது பதிவானது அவருடைய இடது குதிகால் மட்டும். அந்தக் குதிகாலைப் போனில் வைத்துக்கொண்டு, அந்தக் கேமரா ஏன் ஆகாது என்று மாமாக் கடையில் பாடம் எடுத்தார். ரொட்டி சானாய் ஆறிப்போனது.

நல்ல வெயிலில் சுவரும் சிமெண்ட் தரையும் மனித உடம்பளவுக்குச் சூடேறிவிட்டால், அந்தச் சின்னக் கண்ணுக்கு ஆளைச் சுவரிலிருந்து பிரித்துப் பார்ப்பது சிரமம். அதனால் பகல் இரண்டு மணிக்கும் ஒரு திருட்டு உண்டு. ஊரே விசிறிக்கு அடியில் படுத்திருக்கும் நேரத்தில் இவர் அடுத்தவர் மதில் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போவார். “சாப்பிட வாங்களேன்” என்று அண்ணியின் குரல் வரும். “இரு, இன்னும் ஒரு வீடு பாக்கி” என்று பதில் போகும்.

ராத்திரி என்றால் வேஷமே வேறு. இருட்டில் இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு வெளிச்சத்தை வீசிக் கறுப்பு வெள்ளையில் பார்க்கும். கறுப்புத் துணிகள் பலவும் அந்த வெளிச்சத்தில் வெளுத்துத் தெரியும். திருடர்கள் கறுப்பு உடுத்துவது வீண் வேலை என்று நிரூபிப்பதற்காக அண்ணன் ஒரு கறுப்புச் சட்டை வாங்கினார். கேமரா வாங்கவில்லை, சட்டை வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு, தலையில் கைலியைச் சுற்றிக்கொண்டு ஒரு வீடு. ஹெல்மெட்டோடு ஒரு வீடு. குடை விரித்து ஒரு வீடு. நாலு காலில் போனால் பூனை என்று விட்டுவிடுமா, ஆள் என்று கண்டுபிடிக்குமா என்று பார்க்க ஒருமுறை தவழ்ந்தும் போனார். கேமரா கண்டுபிடித்துவிட்டது. ஆனால் முட்டிவலிக்காரர், எழுந்திருக்க முடியவில்லை. “தம்பி… டேய் தம்பி…” என்று அவர் முனகியது அந்தக் கேமராவின் ஒலிப்பதிவு எவ்வளவு துல்லியம் என்பதற்குச் சான்றாக இன்றும் எல்லோருக்கும் போட்டுக் காட்டப்படுகிறது. போட்டுக் காட்டுகிறவரும் அவர்தான்.

கேமராவிலேயே ஒலிபெருக்கி இருந்தால் வேலை இன்னும் நீளும். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து போன் வழியாக அவரை அதட்ட வேண்டும். அடுத்த வரிசையில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பெரியவரை எப்படி அதட்டுவது என்று தயங்கி, “யாருங்க அது, தயவுசெஞ்சு போயிடுங்க” என்றார். அண்ணன் திருட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், இப்படிச் சொன்னா திருடன் உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போவான்” என்றார். அதட்டல் சரியாக வரும்வரை அன்றைக்குத் திருட்டு முடியவில்லை.

இப்படி ஒருநாள், அலோர் ஸ்டாரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு மலாய்க் குடும்பத்தின் வாசலிலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒத்திகை பார்த்துவிட்டார். உள்ளேயிருந்து “பென்சூரி! பென்சூரி!” என்று சத்தம் வந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே ஓடினார். வீடியோ தாமான் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. எங்களுக்கு ஆள் தெரியும், சிரித்துவிட்டோம். ஆனால் அது எங்களோடு நிற்கவில்லை. பக்கத்துத் தாமானுக்குப் போய், கூலிமுக்குப் போய், பாடாங் செராயைச் சுற்றிக்கொண்டு, லூனாஸில் இருக்கும் அவருடைய கொழுந்தியாள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போடாத அந்த அம்மாள் அதை இவருக்கே அனுப்பினார்: “அத்தான், உங்க பக்கம் இந்த ஆளு சுத்துறானாம். கதவைச் சாத்திக்கிட்டு இருங்க.” அண்ணன் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கோபமோ வெட்கமோ படவில்லை. “முகம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாரு. இது எந்தக் கேமரா தம்பி?” என்றார்.

அவர் சொல்வதில் விஷயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘வயர்லெஸ்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவந்து, கரண்டுக்கு வயர் வேண்டும் என்று வீட்டில் வந்து கண்டுபிடித்தவர்கள் எங்கள் வரிசையிலேயே உண்டு. கம்பி இல்லாமல் போவது படம் மட்டும்தான். பேட்டரியோ சோலாரோ இல்லாவிட்டால் அஞ்சடியில் ஒரு பிளக் வேண்டும். இணையப் பெட்டி ஹாலில், கேமரா கேட் தூணில், நடுவில் கான்கிரீட் சுவரும் இரும்புக் கிரில்லும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் சுவரைத் தாண்டி வரும், 5 திணறும். டீச்சர் வீட்டில் கூரையின் உச்சியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வருகிறவர் போகிறவரின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. இறக்கி மாட்டச் சொன்னது அண்ணன்தான். “திருடன் வழுக்கையா இல்லையான்னு தெரிஞ்சு என்ன லா செய்யப்போறீங்க?” லென்ஸைச் சுற்றி விளக்குமாற்றால் வாரத்துக்கு ஒருமுறை தட்டச் சொன்னதும் அவர்தான். ராத்திரியில் அங்கே பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், காற்றில் ஆடும் சிலந்தி வலையைத் திருடன் என்று நினைத்து ராத்திரியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். இத்தனையும் சரி. இத்தனை தெரிந்தவர் வீட்டு கேட்டுக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்ததிலிருந்து ராஃபியா கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறார். “முதல்ல ஒரு பூட்டு வாங்குங்க” என்று அண்ணி சொல்லாத நாள் இல்லை. “பூட்டுலயே இப்ப நிறைய மாடல் வந்திருச்சு” என்று அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வட்டாரத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேராக 1025-க்குப் போய்விடுவார். ராஜேந்திர சோழன் கடல் கடந்து வந்து எங்கள் கெடாவை, அதாவது அன்றைய கடாரத்தை அடித்து, அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்து, யானைகளையும் பொக்கிஷத்தையும் கொண்டுபோனான்; மெய்க்கீர்த்தியில் வித்தியாதரத் தோரணம்கூட வருகிறது. “பாரு, கேட்டையே கழட்டிட்டுப் போயிருக்கான்! அப்பவே இந்த ஊருல காவல் சரியில்ல.” கூலிம் பக்கம் கல்யாண மண்டபத்தில் ‘கடாரம் கொண்டான்’ என்று ராஜேந்திரன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டியவரும் இதே அண்ணன்தான். “வந்தது நம்ம ஆளுதானேண்ணே?” என்றேன். “அதான் சொல்றேன். திருடுறவன் எப்பவும் தெரிஞ்சவனாத்தான் இருப்பான்.”

காவல் அவர்கள் குடும்பத்தில் ஓடுகிற ரத்தம் என்பார். 1946, 47-இல் பெடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தபோது, கள்ளுக்கடை வாசலில் நின்று உள்ளே போகிறவனைத் தடுத்தவர்களில் தன் தாத்தாவும் ஒருவராம். இருக்கலாம். கடைக்குள்ளே போனவர்களில் தன் தாத்தாவும் ஒருவர் என்று சொல்லும் பேரனை மட்டும் நான் கெடாவில் இதுவரை சந்தித்ததில்லை. 1975-இல் ருக்குன் தெத்தாங்கா வந்ததும் அவருடைய அப்பா டார்ச்சும் தடியுமாக முறை வைத்து ராத்திரி சுற்றியவர். மகனுக்கு முறையும் கிடைக்கவில்லை, தடியும் கிடைக்கவில்லை. கறுப்புச் சட்டைதான் கிடைத்தது.

“தோட்டத்துல கதவே சாத்த மாட்டோம்” என்றும் சொல்வார். எனக்கு இந்தப் பேச்சுப் பிடிக்காது. தூக்கிக்கொண்டு போவதற்கு லயத்தில் என்ன இருந்தது? தடுப்புச் சுவர் கூரை வரை போகாத வீட்டில், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஒரு தும்மல் போட முடியாது. விடியுமுன் பெரட்டில் மண்டோர் ஆளை எண்ணுவார். நிரையில் வந்து வெட்டின மரத்தைப் பார்ப்பார். ஸ்டோரில் கிராணி பாலை நிறுப்பார். பார்ப்பதற்கு அங்கே ஆளுக்குக் குறைவே இல்லை. பார்த்ததெல்லாம் நம்மைத்தான்.

அண்ணன் ஏன் இன்னும் வாங்கவில்லை என்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. அதை அண்ணி ஒருநாள் போட்டு உடைத்துவிட்டார். மகன் சிங்கப்பூரில், மகள் பினாங்கில். வாங்கி அனுப்புகிறேன், நானே வந்து மாட்டுகிறேன் என்று மகன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். “மாட்டினா இவர் வாசல்ல உட்கார்ந்து சிகரெட் குடிக்கிறதை அவன் அங்கேருந்து பாத்துருவான். டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு.” சாயங்காலம் நாற்காலியைப் போட்டு, ராஃபியா கயிறு கட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு அவர் இழுக்கும் அந்த ஒரு சிகரெட்டை இனி காணாதது மாதிரி போக வேண்டும் என்று நான்கூட முடிவு செய்துகொண்டேன்.

அந்த மரியாதையை அவர் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. சோதனைக்கு வசதி என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டுக் கேமராவையும் தன் போனிலும் பார்க்கிற மாதிரி பகிரச் சொன்னார்; நாங்களும் பகிர்ந்தோம். பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. எதிர்வீடு என்பதால் என் கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைக்கவும் சொன்னார்; அதில் இப்போது என் வாசலில் பாதியும் அவர் கேட் முழுசாகவும் தெரிகிறது. காசு என்னுடையது, கரண்டு என்னுடையது, காவல் அவருக்கு. அதுகூடப் போகட்டும். “நேத்து ரொம்ப லேட்டு போல தம்பி? அதான் மெதுவா கேட்டைத் திறந்தே” என்று என் மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்கிறார். டீச்சர் வீட்டுக்குத் தரகர் வந்து போனதைத் தாமானுக்கே சொன்னது இவர்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் வருவதற்குள் சேதி லூனாஸ் வரை போய்விட்டது. கோடி வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் யாரை இறக்கிவிட்டான் என்பது அவன் அப்பாவுக்குத் தெரிந்ததும் இவர் வழியாகத்தான். திருடனை இந்தக் கேமராக்கள் இதுவரை பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் எங்களை.

போன வாரம் ஒன்றும் சொல்லாமல், என் கேமராவின் பகிர்விலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கேட்டில் நிற்கிறார், கையில் ஒரு தாள், தாள் நிறைய மாடல் எண்கள்.

“தம்பி, உன் கேமரா கெட்டுப்போச்சு. நீ கவலைப்படாதே, வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்.”