கோத்தார்டு தபால் வண்டி

சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டிலிருந்து கோத்தார்டு மலைக் கணவாய் வழியே ஐரோலோவுக்குக் கோடையில் செல்லும் தபால் வண்டியை ஐந்து குதிரைகள் இழுக்கின்றன. 1882-இல் திறக்கப்பட்ட 15 கி.மீ. ரயில் சுரங்கம் பழைய சேவைக்கு முடிவு கட்டியது. ரயில் சில நிமிடங்களில் கடக்கும் மலையை ஒரு பகல் முழுக்கக் குலுங்கிக் கடப்பது அன்று தலைவிதி. இன்று குடும்பச் சுற்றுலா. கருங்கல் பாவிய ட்ரெமோலாச் சரிவில் கொண்டை ஊசி வளைவுகள் 24. முதல் வளைவில் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஐந்தாவதில் வயிற்றைப் புரட்டும். அதன்பின் அப்பாதான் வரலாறு பேசிக்கொண்டிருப்பார், குதிரைகளிடம். ருடால்ஃப் கோல்லர் 1873-இல் வரைந்த ஓவியத்தில் வண்டிக்கு முன்னே ஒரு கன்றுக்குட்டி அரண்டு ஓடுகிறது. பயணச்சீட்டு வாங்காத புத்திசாலி அது ஒன்றே. ஐரோலோவில் இறங்கினால், அந்தச் சுரங்கத்தின் தென்வாயும் அங்கேதான்.