நாலு வயதுக்காக ஒரு கட்சி

இந்திய தேசிய காங்கிரஸை எதற்காகத் தொடங்கினார்கள் என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் "வெள்ளைக்காரனை விரட்ட" என்று சொல்லிவிடுவோம். பாவம், தொடங்கியவர்களுக்கு அப்படி ஒரு கெட்ட எண்ணமே கிடையாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கலெக்டர் வேலை. அதற்கான பரீட்சையை லண்டனில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வயது வரம்பு வேறு 19. வெள்ளைக்காரரை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்காரும்படி, அதுவும் நல்ல இங்கிலீஷில், கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கலெக்டர் வேலைக்கான அந்த ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு 1855இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். தேர்வு மையம் மட்டும் ஒன்றே ஒன்று: லண்டன். கடல் தாண்டினால் சாதி போகும். தாண்டுவதற்கு டிக்கெட் எடுத்தால் சொத்து போகும். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் மதிப்பெண் அள்ளிக் கொடுத்தார்கள். சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் கிள்ளிக் கொடுத்தார்கள். இத்தனையையும் மீறி 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் தேறிவிட்டார். கவி தாகூரின் அண்ணன்! சர்க்கார் சுதாரித்துக்கொண்டது. ஏற்கெனவே 23இலிருந்து 22க்கு இறங்கியிருந்த வயது வரம்பு 21க்கு இறங்கி, 1876இல் லண்டனில் இந்திய விவகார மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபு புண்ணியத்தில் 19 என்று முடிவாயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிள்ளைகளைத் தொட்டிலோடு கப்பலேற்ற வேண்டியிருந்திருக்கும்.

இந்த வயது விவகாரத்தில் நன்றாக அடிபட்டவர் சுரேந்திரநாத் பானர்ஜி. 1869இல் தேறினார். "உமக்கு வயது அதிகம்" என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷனுக்கு மனுப் போட்டபோது, நம் ஊர் வழக்கப்படி, நடக்கிற வயதை முடிந்த வயதாகப் போட்டிருந்தார்கள். லண்டன் கோர்ட்டுக்குப் போய் ஜாதகக் கணக்கை விளக்கி ஜெயித்தார். சில்ஹெட்டில் வேலை கிடைத்தது. 1874இல் ஒரு வழக்குக் கோப்பில் நேர்ந்த தவறுக்காக அந்த வேலையும் போயிற்று. சரி, பாரிஸ்டராகலாம் என்று பார்த்தால் அந்தக் கதவையும் சாத்தினார்கள். பேசத் தெரிந்த பட்டதாரியை வேலையில்லாமல் தெருவில் விடக்கூடாது என்பது ஆட்சிக் கலையின் அரிச்சுவடி. பானர்ஜி 1876இல் இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஊர் ஊராகப் போய் முழங்கினார். விடுதலையைப் பற்றியா? வயது வரம்பைப் பற்றி!

நம் சென்னையும் சளைக்கவில்லை. 1878இல் முத்துசாமி ஐயர் ஹைகோர்ட் நீதிபதியானபோது வெள்ளைக்காரப் பத்திரிகைகள் முகம் சுளித்தன. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்களுக்கு ரோஷம் வந்தது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, 'தி இந்து'வை ஆரம்பித்தார்கள். ஆறு பேரில் இரண்டு பேர் வாத்தியார்கள், நாலு பேர் சட்ட மாணவர்கள். நடுத்தர வர்க்கத்தின் காலாட்படையும் குதிரைப்படையும் ஆஜர்.

எப்படிக் கத்த வேண்டும் என்பதை மட்டும் வெள்ளைக்காரர்களே சொல்லிக்கொடுத்தார்கள். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர்களையும் விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. கல்கத்தா வெள்ளையர்கள் கூட்டம் போட்டார்கள், நிதி திரட்டினார்கள், வைஸ்ராய் ரிப்பன் பிரபுவை வாய்க்கு வந்தபடி வைதார்கள். மசோதா பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. மனுப் போட்டே கை ஓய்ந்த நம் வக்கீல்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்: ஓஹோ, இப்படித்தான் செய்ய வேண்டுமா!

காங்கிரஸுக்கு ஆள் சேர்க்க வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஐ.சி.எஸ்.ஸிலிருந்து ஓய்வு பெற்றவர், பறவைப் பைத்தியம். பல வருஷம் பாடுபட்டு எழுதிய பறவைக் குறிப்புகளை சிம்லா வீட்டு வேலைக்காரர் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் வெறுத்த ஹியூம், பறவைத் தோலும் முட்டையுமாகச் சுமார் 80,000 உருப்படிகளை 1885இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, அதே வருஷம் வக்கீல்களைச் சேகரிக்கத் தொடங்கினார்.

காங்கிரஸின் முதல் மாநாடு பூனாவில் நடப்பதாக இருந்தது. அங்கே காலரா வந்ததால் பம்பாய்க்கு மாறியது. தேதி டிசம்பர் 28. கோர்ட்டுக்கு கிறிஸ்துமஸ் லீவு. கட்சிக்காரர் ஃபீஸ் கெடாது. வந்தவர்கள் 72 பேர். தலைவர் கல்கத்தா பாரிஸ்டர் டபிள்யூ.சி. பானர்ஜி. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் 'இந்து' ஜி. சுப்பிரமணிய ஐயர். வயது வரம்பு புகழ் சுரேந்திரநாத்தைக் காணோம். அவர் அதே வாரம் கல்கத்தாவில் தனியாக வேறொரு மாநாடு நடத்திக்கொண்டிருந்தார். கட்சி பிறப்பதற்கு முன்பே கோஷ்டி பிறந்துவிட்டது.

ஒன்பது தீர்மானங்கள் நிறைவேறின. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனிலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும், வயது வரம்பு 23 ஆக வேண்டும் என்பது அதில் ஒன்று. கடைசியில் விக்டோரியா மகாராணிக்கு ஜே போட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த வருஷமே வருமான வரிச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 500 ரூபாய் சம்பாதித்தால் வரி. காங்கிரஸ் அந்த வரம்பை 1,000 ஆக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தது, 1903இல்தான் கிடைத்தது. பட்ஜெட் அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து "ஸ்லாப் மாறுமா?" என்று பதறுகிறோமே, அது பாட்டனார் சொத்து.

1888இல் வைஸ்ராய் டஃப்ரின், இவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய சிறு கூட்டம் என்று விருந்து மேடையில் நக்கலடித்தார். எண்ணிக்கையில் பிழையில்லை. குடியானவனும் கூலிக்காரனும் அந்தத் தீர்மானங்களில் பெரிதாகத் தலைகாட்டவும் இல்லை. ஆனால் பத்திரிகை, கோர்ட், பள்ளிக்கூடம் மூன்றும் அந்தச் சிறு கூட்டத்தின் கையில்தான் இருந்தன. தங்கள் குறையை ஊர்க் குறையாக எழுத அவர்களுக்குத் தெரியும். மெல்ல மெல்ல ஊர்க் குறையும் வந்து சேர்ந்துகொண்டது. பிறகு காந்தி வந்தார். கூட்டத்தைப் பார்க்க பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

பரீட்சை என்ன ஆயிற்று? இரண்டு நாட்டிலும் நடத்தலாம் என்று 1893இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையே தீர்மானம் போட்டது. சர்க்கார் அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்தது. ஒருவழியாக 1922 பிப்ரவரியில் அலகாபாத்தில் தேர்வு நடந்தது. கேட்டு 36 வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஏப்ரலில்தான், நாலாவது இடத்தில் தேறிய சுபாஷ் சந்திர போஸ் இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

1885லேயே பம்பாயில் ஒரு ஹால் பிடித்து, பெஞ்சு போட்டு, நாலு வயதைக் கூட்டிக் கொடுத்திருந்தால், அந்த 72 பேரின் பிள்ளைகளில் பாதிப்பேர் கலெக்டராகி மகாராணிக்கு விசுவாசமாக இருந்திருப்பார்கள். மீதிப்பேர் அடுத்த வருஷத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். நடுத்தர வர்க்கம் கேட்பது எப்போதும் அற்பமாகத்தான் தெரியும்: ஒரு வேலை, ஒரு வயது வரம்பு, கொஞ்சம் வரிச் சலுகை. அந்த அற்பத்தை மறுத்துத்தான் சாம்ராஜ்யங்கள் பெரிய விலை கொடுக்கின்றன.