கூடுவாஞ்சேரி வட்டார முகங்கழுவியல்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

மனிதனுக்கு முகம் உண்டு. அது அழுக்காகும். கழுவினால் போகும். இந்த மூன்று வரியோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் பன்னாட்டுக் கருத்தரங்கில் மூன்று வரி வாசிப்பவருக்கு மதியச் சாப்பாட்டு டோக்கன் தருவார்களே தவிர, சான்றிதழ் தர மாட்டார்கள். ஆய்வுக்கோவையிலும் குறைந்தது ஐந்து பக்கம் வேண்டும் என்பார்கள். அதற்கு மேல் போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். ஆகவே தெரிந்ததைச் சுருக்கித் தெரியாததை விரிக்கும் நம் ஆய்வு மரபை ஒட்டி இக்கட்டுரை அமைகிறது.

ஆய்வு எல்லை

வடக்கே ஊரப்பாக்கம் ரயில் நிலையம், தெற்கே பொத்தேரி ரயில் நிலையம், கிழக்கிலும் மேற்கிலும் போர் மோட்டார் சத்தம் கேட்கும் தொலைவு வரை. முகத்தில் நெற்றி முதல் முகவாய் வரை மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. காதின் பின்புறத்தையும் பிடரியையும் வேறொருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டதாகக் கேள்வி.

கருதுகோள்

அடிப்பிடித்த பால் குண்டானைத் துலக்குவதற்கும் முகம் கழுவுவதற்கும் வேறுபாடு காணாத சமுதாயம் நம்முடையது.

முதன்மை ஆதாரம் வாஷ்பேசின். துணைமை ஆதாரம் அதற்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடி. அமைப்பியல், பின்காலனியம், பின்நவீனத்துவம் ஆகிய அணுகுமுறைகள் இவ்வாய்வில் பயன்படுத்தப்படவில்லை. ஆனாலும் பெயரையாவது சொல்லாவிட்டால் கட்டுரை திரும்பி வந்துவிடும்.

இலக்கியச் சான்று

எதை ஆராய்ந்தாலும் வள்ளுவரில் தொடங்க வேண்டும். வாய்மை அதிகாரத்தில், 298ஆம் குறளில், வெளித்தூய்மை நீரால் வரும் என்கிறார் அவர். எந்த நீரால் என்று சொல்லவில்லை. பரிமேலழகரும் இந்த இடத்தில் போர் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. மயிலாப்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படுகிறவர் கூடுவாஞ்சேரித் தண்ணீரைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை என்பதால், வள்ளுவரை மட்டும் மன்னிக்கலாம்.

நிலவியல் பின்னணி

கூடுவாஞ்சேரியில் முகம் கழுவுவதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் வண்டியேறிப் பல்லாவரம் போக வேண்டும். பல்லாவரத்துப் பாறையில் ஒரு துண்டு எப்படியோ கொல்கத்தா போய் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் உட்கார்ந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லின் பாறையியலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்; பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரும் சூட்டினார். வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அது அச்சாகியும் இருக்கிறது. நான் கட்டியதல்ல. செத்தவர் தலைமாட்டுக் கல்லை ஆராயலாம், இருப்பவர் கழுவுகிற முகத்தை ஆராயக் கூடாது என்பவர்களுக்கு இதுவே பதில். பாறை நம்முடையது, பெயர் மட்டும் கொல்கத்தாக்காரருடையது என்பது பற்றி வட்டாரப் பற்றுள்ள பேராசிரியர்கள் இன்னும் ஒரு கருத்தரங்கு கூட்டாதது வியப்பே.

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அன்றைக்குத்தான் தொடங்கியது என்பார்கள். மே மாதப் பல்லாவர வெயிலில் ஒரு வெள்ளைக்காரர் தரையைப் பார்த்தபடியே நடந்தார் என்றால், முகம் கழுவத் தண்ணீர் தேடியிருக்கிறார் என்பது என் துணிபு. கல் கிடைத்தது தற்செயல்.

இந்தக் கற்கோடரி எதற்கு? அத்திரம்பாக்கத்தில் கிடைத்த இதன் உறவுக்காரக் கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். வெட்ட, கிழங்கு தோண்ட, தோலுரிக்க என்று தொல்லியலார் பயன் கூறுவர். தோலுரிக்க என்ற அளவில் எனக்கும் உடன்பாடே. யாருடைய தோல் என்பதில்தான் வேறுபடுகிறேன். மான் தோல் என்பது அவர்கள் கட்சி. அவரவர் தோல் என்பது என் கட்சி. இது தொல்மாந்தரின் ஸ்கிரப். உள்ளங்கையில் பொருந்தும் அளவு, கன்னத்து மேட்டுக்கு ஏற்ற வளைவு, மூக்கோரத்துக்கென்று ஒரு கூர்முனை. வால்நட் ஓட்டுத் தூள் கலந்த ஸ்கிரப்பை எங்கள் தெருவில் ஒருவர் இன்றும் அதே பிடியில், அதே ஆவேசத்தில் கன்னத்தில் ஏற்றி இறக்குவதை நேரில் கண்டிருக்கிறேன் (களஆய்வு, எதிர்வீட்டுப் பின்கட்டு, அனுமதியின்றி). இடைப்பட்ட 15 லட்சம் ஆண்டுகளுக்குச் சான்று எங்கே என்று சிலர் கேட்கலாம். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று சொல்லி முந்நூறு ஆண்டை ஒரே பத்தியில் தாண்டிப்போனவர்கள் அதைக் கேட்கக் கூடாது.

கோடரி முகத்துக்கு ஆகாது என்பதில் மட்டும் தோல் மருத்துவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாம் தேய்த்து எடுக்கத் துடிக்கும் தோலின் மேலடுக்கின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. செத்த செல்களும் அவற்றுக்கிடையே கொஞ்சம் கொழுப்பும், அவ்வளவுதான் சரக்கு. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியிலிருந்து வரும் ஜிஎஸ்டி சாலைத் தூசியை உள்ளே விடாமலும் காப்பது அதுதான். அதைச் சுரண்டிவிட்டு எரிகிறதே என்றால் எரியத்தான் செய்யும்.

நீரியல்

பல்லாவரத்தில் பார்த்த மாதிரிக் கெட்டியான பாறையின் வெடிப்புகளில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து வைத்துக்கொண்டு, மோட்டாருக்காகக் காத்திருக்கும். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலம் இவற்றோடு சேர்ந்தால் நுரை வராது. கரையாத வெள்ளைப் பிசுக்குதான் வரும். பாத்ரூமிலுள்ள பிளாஸ்டிக் மக்கின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பாதி உயரத்தில் சொரசொரவென்று ஒரு வளையம் தட்டுப்படும். அதே சரக்குதான் தாடையோரத்திலும் மயிர்க்கால் ஓரத்திலும் தங்குகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு. சோப்பு கூடினால் பிசுக்கு கூடும். பிசுக்கு போகவில்லையே என்று இன்னும் தேய்ப்பு. பிறகு கன்னம் இழுக்கிறது, மூக்கோரம் உரிகிறது, "இந்த ஊர் தண்ணி எனக்கு ஒத்துக்கல" என்று மாமியார் ஊருக்குப் போன் போகிறது (மாமியார், வாய்மொழி). "எங்க ஊருக்கு வந்து நாலு நாள் இருந்தா சரியாயிடும்" என்பது அங்கிருந்து வரும் மறுமொழி (மேலது).

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்றுக்கொள்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆர்ஓ சர்வீசுக்கு வருபவர் பேனா மீட்டரை டம்ளரில் முக்கி ஒரு நாலிலக்க எண்ணைக் காட்டியதும் வீடே பெருமூச்சு விடும். அந்த எண் கரைந்திருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. கடினத்தன்மைக்கு மட்டும் அல்ல. சமையல் உப்பைப் போட்டாலும் அது ஏறும் (ஆர்ஓ சர்வீஸ்காரர், வாய்மொழி, ஃபில்டர் மாற்றும் பேச்சு வந்ததும் இக்கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்). ஆர்ஓ மெஷின் கழிக்கும் நீரைப் பக்கெட்டில் பிடித்து முகம் கழுவுவோர் தனியொரு சிந்தனைப் பள்ளி. மெஷின் வேண்டாமென்று ஒதுக்கிய உப்பெல்லாம் திரண்டு நிற்கும் நீர் அது. தரை துடைக்கலாம்.

மேனாட்டார் இத்துறையில் நமக்கு முன்பே இறங்கிவிட்டார்கள். 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 80 பேரை வைத்துச் சோதித்து, கடினநீரில் கழுவினால் சோப்புப் பொருள் தோலில் அதிகம் தங்குகிறது, எரிச்சலும் அதிகம் என்றார்கள். அதற்கு முன்பு 2011இல் அதே இங்கிலாந்தில், எக்சிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வோ, நீரை மென்மையாக்கும் கருவி பொருத்திய வீட்டுக்கும் பொருத்தாத வீட்டுக்கும் நோயில் வேறுபாடு இல்லை என்றது. கெடுப்பது தண்ணீர்; ஆனால் தண்ணீரைத் திருத்தினாலும் வந்த நோய் போகாது. இரண்டும் ஒழுங்காக நடந்த ஆய்வுகள். இவற்றுக்கு நடுவே கூடுவாஞ்சேரிக்காரர் கையில் எஞ்சுவது ஒரு சொம்பு கேன் தண்ணீர். எல்லாம் முடிந்து கடைசியாக அதை முகத்தில் விட்டு அலசினால் பிசுக்கு நிற்காது (கேன் போடும் தம்பி, இரண்டாம் மாடிப் படிக்கட்டு, தோளில் கேன் இருக்கையில் கூறியது, மூச்சிரைப்பால் சொற்கள் ஒட்டியும் உடைந்தும் கேட்டன, பதம் பிரித்தது ஆய்வாளர்).

வெப்பவியல்

அக்னி நட்சத்திரத்தில் பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடி சின்டெக்ஸ் தண்ணீரை நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. முதலில் வருவதைப் பக்கெட்டில் பிடித்து ஆறவிட வேண்டும். சூடான நீர் தோலின் கொழுப்பை இளக்கிக்கொண்டு போய்விடும்.

சோப்பியல்

தோலின் மேற்பரப்பு லேசான அமிலம். பிஎச் 5 வாக்கில் இருக்கும். ஷாடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானியர் 1928இல் இதற்கு அமிலப் போர்வை என்று பெயரிட்டனர். நாம் குளிக்கும் சோப்போ 9, 10 என்று காரத்தில் நிற்பது. சோப்பு போட்டதும் போர்வை விலகும். சில மணி நேரத்தில் தோல் தானே இழுத்துப் போர்த்திக்கொள்ளும். அது போர்த்தி முடிப்பதற்குள் மறுபடியும் சோப்பு போடுவது நம் பண்பாடு. காலையில், இரவில், வேர்த்து வழிந்து வந்தால் ஒருமுறை. மற்ற நேரத்தில் வெறுந்தண்ணீர் போதும்.

முதல் தரச் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60 என்பது இந்தியத் தரநிர்ணயம். உறையைத் திருப்பி இதைப் படித்துவிட்டு வாங்குவோர் தம்மை அறிவாளிகளாகக் கருதுவதை ரயில் நிலையம் பக்கத்து மளிகைக் கடைகளில் காணலாம். 76 ஆனாலும் காரம் காரம்தான். முகத்துக்கென்று மென்மையான ஃபேஸ்வாஷ் இருந்தால் நல்லது. பட்டாணி அளவு, விரல் நுனி, வட்டமாக, அவசரமில்லாமல். அதற்கு முன் கையைக் கழுவ வேண்டும் என்பதை எல்லா நூல்களும் சொல்கின்றன, ஒருவரும் செய்வதில்லை.

கடலைமாவு, பயத்தமாவு: நைசாகச் சலித்துக் குழைத்தால் மன்னிக்கலாம். எலுமிச்சை: மன்னிப்பு இல்லை. சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் தோல் வெந்து கறுத்துவிடும்.

துடைப்பியல்

இங்கே உரையாசிரியர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள். தேய்ப்புக் கட்சிக்குக் கீழ்வீட்டுத் தாத்தா. ஒற்றுக் கட்சிக்கு அவர் மருமகள். இருவர் வாதத்தையும் பழைய முறையிலேயே பதிப்பிக்கிறேன்.

முகத்தைத் துண்டால் துடைக்க என்றது என்னை? கையால் துடைப்பின் கை ஈரமாம் ஆகலின். அற்றேல், கழுவிய கை முன்னரே ஈரமன்றோ எனின், அற்று. அதனான் கையையும் துடைக்க என்க. அழுந்தத் துடைத்தலே துடைத்தல். ஒற்றுவது பூனைக்கு ஆகும், ஆண்மகற்கு ஆகாது என்பது தாத்தா கருத்து. அவர் அறியார், அழுந்தத் துடைத்து அவர் நெற்றி இரு பக்கமும் பொருக்காடி நிற்றல் கண்கூடு ஆகலின் அது பொருந்தாது என மருமகள் மறுப்பார். பொருக்கு முதுமையின் பாற்படும் என்பாரும் உளர் (தாத்தா, மறுநாள், மருமகள் வேலைக்குப் போன பின்).

இருவரும் காணாத ஒன்று துண்டு. போர் தண்ணீரில் துவைத்துக் கொடியில் காய்ந்த துண்டை எடுத்தால் மடங்காது. சுவரில் சாய்த்து வைத்தால் நிற்கும். அந்தத் துண்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதில் அப்பா கை துடைப்பார், பையன் கால் துடைப்பான், விருந்தாளிக்கு அதன் மறுபக்கம். அதனால் ஒற்றினாலும் கோடரிதான். இந்த வட்டாரத்தில் முகத்துக்கு உகந்த துணி என்று பார்த்தால், பலமுறை துவைத்து நைந்த காட்டன் புடவையின் முந்தானை. "மூஞ்சி கழுவிட்டு வா, காபி ஆறுது" என்று குரல் கொடுத்துவிட்டு, வந்த பிள்ளையின் நெற்றியை முந்தானையால் ஒற்றி, கன்னத்தை ஒற்றி, மூக்குக்கு வந்ததும் அம்மாக்கள் திடீரென்று கட்சி மாறுவதை விளக்க எந்தக் கோட்பாடும் இதுவரை இல்லை.

பின்பூச்சு

ஈரம் முழுக்கக் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும் என்ற விதி நமக்கு ஒரே ஒரு மூலத்தில்தான் கிடைக்கிறது (செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயில், முற்பகல், கதவோரம் நின்றிருந்த பெண்மணி கைபேசியில் தங்கையிடம் கூறியது. கூடுவாஞ்சேரியில் பாயிரம் தொடங்குகிறது. ஊரப்பாக்கம் வரை நூல் தெளிவு. ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் இடையே எதிரே வந்த எக்ஸ்பிரஸால் ஒரு பகுதி சிதைவு. "கண்ணுக்குக் கீழ" என்ற தொடர் மட்டும் தப்பியது. தங்கையின் கூற்றுகள் கிடைக்காததால் ஊகித்து நிரப்பப்பட்டன. வண்டலூரில், கடைக்காரர் கொடுத்த சிவப்பழகு க்ரீம் என்று தங்கை எதையோ சொல்லியிருக்க வேண்டும். ஏனெனில் அக்கா குரலை உயர்த்தி, "அதுல ஸ்டீராய்டு இருக்கும்டி, டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது" என்கிறார். இவ்விடத்தில் மூலபாடம் சரியே: 2018இல் அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பெருங்களத்தூரில் கூட்டம் ஏறியதால் ஆய்வாளர் மூலத்திலிருந்து மூன்று ஆள் தள்ளிப் போக நேர்ந்தது. "முகம் கழுவுறதுல என்னடி இருக்கு, நான் சொல்றத மட்டும் செய், முதல்ல" என்பது இறுதியாகக் கேட்ட அடி. தாம்பரத்தில் அவர் இறங்கிவிட்டார்).